திறந்த கை நிலை

என் மனைவி நேடினால் காப்பிக் கோப்பையைக்கூடப் பிடிக்க முடியாமல் போன வாரம், அவளை நடுக்கூடத்தில் நிறுத்தி மணி அடித்தார்கள். முப்பது பேர் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். இந்தக் கதை முழுக்க மற்றவர்களைத் திட்டப்போகிறேன் என்பதால், இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நியாயம்.

என் பெயர் லைல் ஹோல்கம்ப். காப்பர்வெல் நகராட்சியின் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீடு வீடாகப் போய்க் குழாய்த் தண்ணீரைக் குப்பியில் பிடித்து வந்து, ஈயம் இருக்கிறதா, செம்பு இருக்கிறதா என்று பார்ப்பது வேலை. நேடின் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். நீதிபதியின் மேசைக்குக் கீழே, சின்ன இயந்திரத்தை முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பேசுகிறவன் வாயை மூடுவதற்குள் அவன் பேசியதை அடித்து முடித்திருப்பாள். நிமிஷத்துக்கு இருநூற்று நாற்பது சொல், இருபத்தாறு வருஷமாக. கொலைகாரன் அழுதாலும் சரி, வக்கீல் கத்தினாலும் சரி, அவள் முகம் மாறாது. விரல் மட்டும் ஓடும்.

அந்த விரல்கள்தான் ஒரு மார்ச் மாதக் காலையில் விறைத்துக்கொண்டன. கணுக்கள் வீங்கிச் சிவந்திருந்தன. வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்தால்தான் மடங்கின. ரத்தம் எடுத்துப் பார்த்த எங்கள் குடும்ப டாக்டர், இது முடக்குவாதம், உடம்பு தன் மூட்டையே எதிரி என்று நினைத்துத் தின்கிற நோய் என்றார். சீக்கிரம் மருந்து ஆரம்பித்தால் அடக்கிவிடலாம், தாமதித்தால் எலும்பு அரித்துவிடும், அரித்தது திரும்பி வராது, உடனே நிபுணரைப் பாருங்கள் என்றார்.

உடனே ஃபீனிக்ஸில் இருக்கும் நிபுணரின் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். அக்டோபர் பதினான்காம் தேதி என்றாள் அந்தப் பெண்.

"சீக்கிரம் பார்க்கணும்னு டாக்டர் சொன்னாரும்மா" என்றேன்.

"சீக்கிரம்தாங்க போட்டிருக்கேன். மத்தவங்களுக்கெல்லாம் ஜனவரி."

ஏழு மாதம். வலியில் இருப்பவளிடம் போய் ஏழு மாதம் பொறு என்று எந்த வாயால் சொல்வது? இரண்டாம் நாள் நேடினின் தேவாலயத் தோழி ஒருத்தி ஒரு துண்டுப் பிரசுரம் கொண்டுவந்து கொடுத்தாள். சோனோரன் புத்துயிர் நிலையம். மருந்தில்லா வாழ்வு, மறுபடியும் வாழ்வு. கேட்டுப் பார்ப்போமே என்று கூப்பிட்டேன். அன்று பிற்பகலே வரச் சொன்னார்கள்.

அந்த நிலையம் முன்பு மெத்தைக் கடையாக இருந்த இடம். பழைய விளம்பர எழுத்துகளைப் பிடுங்கிய தடம் சுவரில் அப்படியே இருந்தது. உள்ளே லாவெண்டர் வாசனை, ஒரு சின்ன நீரூற்று, வட்டமாகப் போட்ட பன்னிரண்டு சாய்வு நாற்காலிகள். ஒவ்வொன்றிலும் ஒருவர் கையில் ஊசி குத்தி, சொட்டு மருந்து ஏறிக்கொண்டிருக்க, மடியில் போர்வையோடு படுத்திருந்தார்.

நிலையத்தின் தலைவர் டாக்டர் குவெண்டின் ராட்லிஃப் வெள்ளை லினன் சட்டை, கௌபாய் பூட்ஸ், கழுத்தில் பச்சை நீலக் கல் வைத்த கயிறு என்று வந்தார். நேடினின் இரண்டு கைகளையும் தன் கைகளில் எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் அவள் சொன்னதைக் கேட்டார். உண்மையைச் சொல்ல வேண்டும். நோய் வந்த நாளிலிருந்து அந்தக் கையை யாரும் அப்படிப் பிடிக்கவில்லை, நான் உட்பட. தொட்டால் வலிக்குமோ என்று எனக்குப் பயம். அவருக்குப் பயமே இல்லை. அவள் அழுதாள். அந்த நிமிஷமே அவளைப் பிடித்துவிட்டார்கள்.

"உங்களுக்கு நோயே இல்லை, நேடின்" என்றார் டாக்டர். "உங்க உடம்புல வேண்டாத குடித்தனக்காரங்க சேர்ந்துட்டாங்க, அவ்வளவுதான். ஒரு பக்கம் ஈயம், பாதரசம். இன்னொரு பக்கம் மூட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கற கிருமி. உலோகத்தைச் சொட்டு மருந்து விட்டு வெளியே இழுப்போம். அதுக்குப் பேரு செலேஷன். கிருமிக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை. திங்கள், புதன், வெள்ளி மட்டும்."

"ஏன், மத்த நாள்ல கிருமிக்கு லீவா?" என்று கேட்டேன்.

அவர் என் தோளைத் தட்டிச் சிரித்தார். "இவரை எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார். 

அடுத்து விஷப் பரிசோதனை. செய்முறையை ஒருங்கிணைப்பாளர் மார்லீஸ் விளக்கினாள். எப்போதும் புன்னகையோடு இருப்பவள், எல்லோரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவாள். "முதல்ல இந்த மருந்தைக் குடிங்க, கண்ணு. இது உடம்புல இருக்கற உலோகத்தையெல்லாம் சுரண்டிச் சிறுநீர்ல தள்ளும். ஆறு மணி நேரச் சிறுநீரை இந்தக் குடுவையில சேர்த்துக் கொண்டாங்க. எவ்வளவு விஷம்னு பார்த்துடலாம்."

ஒரு வாரத்தில் அறிக்கை வந்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கோடு கோடாக அச்சிட்ட வழவழப்பான காகிதம். நேடினின் ஈயக் கோடு சிவப்பைத் தாண்டிக் காகித ஓரம் வரை போயிருந்தது. அடியில் பொடி எழுத்தில், ஒப்பிடும் அளவு மருந்து குடிக்காதவர்களுக்கு உரியது என்று இருந்தது. என் கண் பொடி எழுத்துக்குப் பழகிய கண்.

"டாக்டர், ஒரு சந்தேகம்" என்றேன். "குழாய்ல நானே ஆசிட்டை ஊத்திட்டு, அந்தத் தண்ணியைப் புடிச்சு, ஆசிட் ஊத்தாத தண்ணியோட ஒப்பிட்டு, ஐயோ செம்பு இருக்குன்னு எழுதினா, எங்க ஆபீஸ்ல அன்னைக்கே சீட்டைக் கிழிச்சிருப்பாங்க. யார் குழாயா இருந்தாலும் செம்பு வரும். நீங்க செஞ்சிருக்கறது அதுதானே?"

ராட்லிஃப் வருத்தத்தோடு என்னைப் பார்த்தார். "அது குழாய், லைல். இது மனுஷ உடம்பு. உங்களை மாதிரி படிச்சவங்க உடம்பைக் குழாயாப் பார்க்கறதுனாலதான் நாட்டுல இவ்வளவு நோய்."

"குழாய் வேற, உடம்பு வேறன்னா, குடிக்காதவங்க அளவை எதுக்கு வச்சு ஒப்பிடறீங்க?"

"குடிச்சவங்க அளவோட ஒப்பிட்டா எல்லாரும் சாதாரணமா தெரிவாங்களே! அப்புறம் விஷத்தை எப்படிக் கண்டுபிடிக்கறது?"

அப்படியே சொன்னார். எதையும் மறைக்கவில்லை. அந்த மனிதரிடம் நான் மெச்சுகிற ஒரே குணம் அது.

துணைவருக்கும் சோதனை உண்டு என்று எனக்கும் ஒரு குடுவை கொடுத்தார்கள். மலை ஏறுகிறவன், ஜலதோஷம்கூடப் பிடிக்காதவன் நான். என் கோடு நேடினுடையதைவிட நீளமாக வந்தது. இப்போது இவர் என்ன சொல்வார் என்று ஆசையோடு போய் உட்கார்ந்தேன். ராட்லிஃப் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"ரெண்டு பேரும் ஒரே வீடு. ஒரே விஷம். கிடைச்சிடுச்சு. உங்க ஊர்த் தண்ணிதான் காரணம்."

முப்பத்தோரு வருஷம்! பதினாறாயிரம் குப்பி! நான் எழுந்தே விட்டேன். நேடின் வீங்கிய கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உக்காரு லைல். நீ இங்க குப்பி புடிக்க வரலை. எனக்கு வலிக்குது. இவங்க ஒருத்தர்தான் சரியாயிடும்னு சொல்றாங்க. வாயை மூடிக்கிட்டு இரு."

இருந்தேன். அதுதான் நான் செய்த தப்பு. செலேஷன் பொய் மருந்து அல்ல. பேட்டரிப் பட்டறையில் ஈயம் ஏறி மயங்கி விழுந்த ஒரு தொழிலாளியை அது காப்பாற்றியதை நானே பார்த்திருக்கிறேன். ஈயம் ஏறியவனுக்கு அது மருந்து. ஈயமே ஏறாதவளுக்கு எதற்கு? இதைக் கேட்க வேண்டிய வாயை மூடிக்கொண்டு, வாரத்துக்கு இரண்டு நாள் வண்டி ஓட்டினேன்.

நிலையத்துக்கென்று ஒரு மொழி இருந்தது. வலி என்ற சொல்லை அங்கே யாரும் சொல்லக் கூடாது. வெளியேற்றம் என்றுதான் சொல்ல வேண்டும். கணுக்கால் வீங்கினால் வெளியேற்றம். தலை சுற்றிக் கழிப்பறையில் விழுந்தால் வேகமான வெளியேற்றம். சொட்டு மருந்து ஏறும்போது நேடினுக்கு உதடு மரத்துப்போய், விரல் நுனி கூசியது. அவசர வைத்தியத்துக்குப் போகலாமா என்று பதறினேன். மார்லீஸ் என் கையில் ஒரு கோப்பை மூலிகைத் தேநீரைத் திணித்தாள்.

"பயப்படாதீங்க கண்ணு. ஈயம் உதட்டு வழியா போகுது. எல்லாருக்கும் இந்தப் பாக்கியம் கிடைக்காது."

ஒவ்வொரு முறையும் முடிந்த பிறகு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். உங்கள் நிலை எப்படி இருக்கிறது? மூன்று கட்டம். முதலாவது, நன்றாக இருக்கிறேன். இரண்டாவது, மிக நன்றாக இருக்கிறேன். மூன்றாவது, வெளியேற்றத்தின் மூலம் நன்றாகிக்கொண்டிருக்கிறேன்.

"மோசமாயிடுச்சுன்னா எதுல கோடு போடறது?" என்று கேட்டேன்.

மார்லீஸ் படிவத்தைத் திருப்பிப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். முகத்தில் கள்ளம் கபடு ஒன்றுமில்லை. "மோசமாகறவங்க இங்க வர்றதில்லையே" என்றாள்.

அதுவும் உண்மை. மோசமானவர்கள் எழுந்து வர முடியாமல் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். வராதவர்களுக்குப் படிவம் கிடையாது.

நோயாளிகளின் மணிக்கட்டில் நிறப் பட்டைகள். சேரும்போது வெள்ளை. வீக்கம் கூடினால் மஞ்சள். மூட்டு கோணினால் ஆரஞ்சு. ஊதாப் பட்டைக்காரர்கள் சக்கர நாற்காலியில் வந்தார்கள். அவர்களுக்கு வாசலுக்குப் பக்கத்திலேயே வண்டி நிறுத்தும் இடம், முதல் வரிசை நாற்காலி, தனி மரியாதை. வெள்ளைப் பட்டைக்காரர்கள் அவர்களைப் பொறாமையோடு பார்ப்பதை நான் என் கண்ணால் கண்டேன்.

ஊதாவிலும் மூத்தவர் ஆர்வில் பிக்கெட். ரயில்வேயில் வேலை பார்த்தவர். ஆறு வருஷமாக அந்த ஆன்டிபயாடிக்கை விழுங்கி விழுங்கி, காதும் நகமும் முழங்காலுக்குக் கீழ்த் தோலும் நீலம் பாரித்துப்போயிருந்தன. கார்பன் தாளில் தேய்த்து எடுத்த மனிதர் போல இருந்தார். அந்த மாத்திரையை வருஷக் கணக்கில் தின்றால் தோல் அப்படி ஆகும் என்று மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் காகிதத்திலேயே எழுதியிருந்தது. நிலையத்தில் அதற்கு அந்தி நிறம் என்று பெயர்.

"செத்த கிருமி தோலுக்கு வந்து சேருது" என்று தன் காதைப் பெருமையோடு தடவிக் காட்டினார் ஆர்வில். "டாக்டர் என்னை மாநாட்டுக்கெல்லாம் கூட்டிட்டுப் போறாரு. மேடையில நிக்க வைப்பாரு."

"நடக்க முடியுதா?"

"இல்லப்பா. அதான் சக்கர நாற்காலியிலயே ஏத்திடறாங்க."

அக்டோபர் வந்தது. நிபுணரைப் பார்க்கும் நாள் நெருங்கியது. ராட்லிஃப் எங்களைத் தனியறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"வெளியேற்றம் பாதியில இருக்கு, நேடின். இப்ப அவங்க கிட்ட போனா, உடம்போட எதிர்ப்பையே அடக்கற மாத்திரை குடுப்பாங்க. ஏழு மாசம் நாம பட்ட பாடெல்லாம் வீணாயிடும். முடிவு உங்களோடது. நான் யாரையும் கட்டாயப்படுத்தறதில்லை. போனவங்க யாரும் திரும்பி வந்ததில்லை, அதை மட்டும் சொல்லிடறேன்."

போனவர்கள் குணமாகித்தான் திரும்பி வராமல் இருந்தார்களோ என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. இன்றைக்குத் தோன்றி என்ன பிரயோஜனம்? நேடின் என்னைப் பார்த்தாள். ஃபீனிக்ஸுக்குப் போன் பண்ணி அக்டோபர் பதினான்கை ரத்து செய்தவன் நான். அந்தப் பெண் எவ்வளவு சந்தோஷப்பட்டாள் தெரியுமா? "ரொம்ப நன்றிங்க, ஜனவரிக்காரங்க ஒருத்தருக்குக் கொடுத்துடறேன்" என்றாள்.

அடுத்த வருஷம் பிப்ரவரியில்தான் நான் முதலில் சொன்ன அந்த மணி. நேடினின் விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தன. முஷ்டி மூட முடியவில்லை. ராட்லிஃப் அவள் கையை உயர்த்திப் பிடித்துக் கூடத்துக்கே காட்டினார்.

"நண்பர்களே, பாருங்க. இந்தக் கை இனிமே மூடாது. கோபத்துல மூடாது, பயத்துல மூடாது, பேராசையில மூடாது. இதுக்கு நம்ம நிலையத்துல திறந்த கை நிலைன்னு பேரு. நேடின் பதினோரு மாசத்துல இந்த நிலைக்கு வந்திருக்காங்க. ஆர்விலுக்கே மூணு வருஷம் ஆச்சு!"

கைதட்டல். ஆர்வில் நீல விரல்களால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மணிக் கயிற்றை நேடினே இழுக்க வேண்டும் என்பது மரபு. அவளால் கயிற்றைப் பிடிக்க முடியவில்லை. பிடிக்க முடியாததற்கு இன்னொரு முறை கைதட்டினார்கள். மார்லீஸ் அவளுக்காக இழுத்தாள். நேடினுக்கு ஆரஞ்சுப் பட்டை கட்டினார்கள். அவள் முகத்தைப் பார்த்தேன். நீதிமன்றத்தில் வைத்துக்கொள்கிற அதே முகம்.

அந்த வியாழக்கிழமை ஒரு வாகன விபத்து வழக்கு. எதிர்த்தரப்புக்குச் சாட்சி சொல்ல வந்த மருத்துவர் வேகமாகப் பேசுகிற ஆள். நேடின் கையை உயர்த்தி, மெதுவாகப் பேசும்படி கேட்டாள். பத்து நிமிஷத்தில் மறுபடியும் கேட்டாள். மூன்றாவது முறை நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மிகவும் தன்மையாக, "இன்னிக்கு வேற யாரையாவது வரச் சொல்லட்டுமா, நேடின்?" என்று கேட்டார். பக்கத்து அறையிலிருந்து யொலாண்டா ட்ரெஹோ என்ற சக சுருக்கெழுத்தாளர் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். நேடின் தன் இயந்திரத்தைத் தானே மடித்து வைக்கப் பார்த்தாள். அதன் திருகைத் திருப்ப முடியவில்லை. இருபத்தாறு வருஷத்தில் முதல் முறையாக எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வண்டிக்கு வந்ததும் அந்த ஆரஞ்சுப் பட்டையைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"லைல், நான் மோசமாயிட்டேன்" என்றாள். அவ்வளவு நாளில் அந்தச் சொல்லைச் சொன்னது அன்றுதான். "ரொம்ப மோசமாயிட்டேன்."

ஃபீனிக்ஸ் நிபுணரைப் பார்க்க மறுபடியும் மாதக் கணக்காயிற்று. அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்து, பதினோரு நிமிஷத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். இங்கே அரித்திருக்கிறது, இங்கே, இங்கே. இனி அரிக்காமல் நிறுத்தலாம். போனது போனதுதான். வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரையும் ஓர் ஊசியும் எழுதிக் கொடுத்தார். மூன்று மாதத்தில் வீக்கம் வற்றியது. காலையில் வெந்நீர் தேவைப்படவில்லை. வலி போயிற்று, கோணல் போகவில்லை. முதல் அக்டோபரிலேயே வந்திருந்தால் என்று ஆரம்பித்த நிபுணர், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். நல்ல மனிதர். ஆனால் அந்த மீதி வாக்கியம் எனக்குத் தினமும் கேட்கிறது.

மாநில மாற்று மருத்துவ ஒழுங்கு வாரியத்துக்குப் புகார் எழுதினேன். ஒன்பது மாதம் கழித்து விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன், யாரும் ஆவலோடு காத்திருக்க வேண்டாம். புகார் தள்ளுபடி. வாரியத்தில் ஐந்து பேர். அதில் மூன்று பேர் இதே போல் சாய்வு நாற்காலி போட்டு நிலையம் நடத்துகிறவர்கள். நான்காமவர் அந்த நாற்காலிகளை விற்கிறவர். ஐந்தாமவர் பொதுமக்களின் பிரதிநிதி. அவர் வரவில்லை.

வாரியத் தலைவர் மெரில் உட்பரி விசாரணையைத் தொடங்கிவைத்துப் பேசினார். "நோயாளியின் பாதுகாப்பே எங்கள் முதல் கவலை. மருத்துவரின் சுதந்திரமும் எங்கள் முதல் கவலை. இரண்டு முதல் கவலைகளுக்கும் சண்டை வந்தால், எந்தக் கவலை நமக்கு அதிகம் பழக்கமோ அதன் பக்கம் நிற்பது இந்த வாரியத்தின் மரபு."

பிறகு ராட்லிஃபின் வக்கீல் தள்ளுவண்டியில் பெட்டி பெட்டியாகப் படிவங்களைக் கொண்டுவந்து அடுக்கினார். நாலாயிரத்துச் சொச்சம் படிவங்கள். ஒன்றில்கூட நோயாளி மோசமானதாகக் குறிப்பு இல்லை. நேடினின் எண்பத்தெட்டுப் படிவங்களும் அதில் இருந்தன. எல்லாவற்றிலும் அவள் கையெழுத்து, வர வர நடுங்கி, கடைசிப் பத்தில் வெறும் கீறல்.

"நாலாயிரம் படிவம், ஒரு குறைகூட இல்லை" என்று தலைவர் வியந்தார். "இப்படி ஒரு வெற்றியை இந்த வாரியம் பார்த்ததில்லை. என் நிலையத்துலயே அங்கங்க ரெண்டு மூணு புகார் உண்டு."

"எங்க படிவத்தை உங்களுக்கு அனுப்பி வைக்கிறேன்" என்றார் ராட்லிஃப் அடக்கமாக.

"கட்டமே இல்லையே ஐயா! மோசம்னு ஒரு கட்டம் இருந்தாத்தானே கோடு போடறதுக்கு!" என்று நான் கத்தினேன்.

"திரு ஹோல்கம்ப், நீங்க நோயாளி இல்லை. பதிவுல இருந்து அதை நீக்கிடுங்க" என்றார் தலைவர். "திருமதி ஹோல்கம்ப் ஏதாவது சொல்லணும்னா சொல்லலாம். சுருக்கமா."

நேடின் எழுந்து முன்னால் போனாள்.  இரண்டு கைகளையும் தோள் உயரத்துக்குத் தூக்கி, விரல்களை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நல்லது, நன்றி. உட்காருங்க" என்றார் தலைவர்.

அவள் நகரவில்லை. அப்போது கீழே ஓரத்தில் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்த பெண் கையை உயர்த்தினாள். வாரியம் தன் விசாரணைகளுக்கு நீதிமன்றத்திலிருந்து சுருக்கெழுத்தாளர்களை வரவழைத்துக்கொள்ளும். அன்றைக்கு வந்திருந்தது யொலாண்டா. அந்த வேலையில் இருப்பவர்களுக்கு வாயைத் திறக்கவே உரிமை கிடையாது, ஒரே ஒரு விஷயத்துக்குத் தவிர. பதிவாகவில்லை, திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்கலாம். கேட்டால் யாரும் மறுக்கக் கூடாது. பதிவு முழுசாக இல்லாத விசாரணை செல்லாது.

"மன்னிக்கணும்" என்றாள் யொலாண்டா. "சாட்சி சொன்னது பதிவாகலை."

"அவங்க ஒண்ணும் சொல்லலையே."

"கையைக் காட்டிட்டிருக்காங்க, தலைவரே. காட்டறதை என்னால அடிக்க முடியாது. யாராவது வாயால சொன்னாத்தான் அடிக்க முடியும்."

தலைவர் பெருமூச்சு விட்டார். "சாட்சி கையைக் காட்டினார்னு போட்டுக்கங்க."

யொலாண்டா அடித்தாள். நிமிர்ந்தாள். "எந்தக் கை?"

"ரெண்டும்."

"எதுக்குக் காட்டறாங்கன்னு பதிவுல தெளிவா இல்லை. கை எப்படி இருக்கு?"

"அஞ்சு நிமிஷம் இடைவேளை விடலாம்" என்றார் நாற்காலி விற்கிற உறுப்பினர்.

"விடலாம். எதுக்கு விடறோம்ங்கற காரணத்தையும் அடிக்கணும். சொல்லுங்க" என்றாள் யொலாண்டா. விரல்கள் விசைகளின் மேல் தயாராக இருந்தன.

இடைவேளைப் பேச்சு அத்தோடு நின்றது. ராட்லிஃப் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நேடினின் தோள்கள் நடுங்கத் தொடங்கின. அவள் கையை இறக்கவில்லை. நான் எழுந்து போய் அவள் முழங்கைகளைத் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். போகாதே என்பதுபோல் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"விரல்கள் லேசா வளைஞ்சிருக்கு" என்றார் தலைவர்.

"லேசா இல்லை" என்றாள் நேடின்.

யொலாண்டா அதையும் அடித்தாள். "தலைவர் சொன்னதையும் சாட்சி சொன்னதையும் ரெண்டையும் போட்டிருக்கேன். எது சரி?"

தலைவர் எழுந்தார். மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து நேடினின் முன்னால் நின்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவர் டாக்டர்தான். அதையே எல்லோரும் மறந்துபோயிருந்தோம், அவரும்தான். முன்பு என்றோ மூட்டுகளைப் படித்தவர். அவர் பேசத் தொடங்கியபோது குரல் மாறியிருந்தது.

"வலது கை. ஆள்காட்டி விரல்ல இருந்து சுண்டுவிரல் வரைக்கும் நாலும் வெளிப்பக்கமா சாய்ஞ்சிருக்கு. கணுக்கள் இடம் விலகியிருக்கு. மோதிர விரல் நடுவுல பின்னாடி மடங்கி, நுனியில முன்னாடி வளைஞ்சிருக்கு." அவர் நிறுத்தினார். யொலாண்டா காத்திருந்தாள். "இடது கை. அதே மாதிரி. கட்டைவிரல் உள்ளே மடங்கியிருக்கு."

"நிமிர்த்த முடியுமா, தலைவரே? அது பதிவுல இல்லை" என்றாள் யொலாண்டா.

அது அவள் கேட்கக் கூடாத கேள்வி. தலைவருக்கும் அது தெரியும். தள்ளியிருக்கலாம். அவர் ஒரு விரலால் நேடினின் மோதிர விரலை மெதுவாக நிமிர்த்திப் பார்த்தார். விட்டார். அது தன் கோணலுக்கே திரும்பிப் போயிற்று.

"முடியாது" என்றார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க. சத்தமா. கேக்கலை."

"முடியாது!"

நேடின் கைகளை இறக்கினாள். யொலாண்டா அந்த ஒரு சொல்லை அடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்து யார் பேசப்போகிறார்கள் என்று எல்லோருடைய வாயையும் பார்த்தாள்.